சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் இருந்த பச்சை

பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மேசைக்குப் பின்னால் நிற்பவளை எல்லோரும் கலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த பெயிண்டர்களும் அப்படித்தான். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

சுவரிலிருந்து பெயர்ந்த செதிள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், அது எந்தக் காலத்துப் பூச்சு என்று சொல்லிவிடுவாள். இதில் மந்திரமாயம் ஒன்றுமில்லை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கே ஒரு நிறத்தின் மேல் பைத்தியம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் திரும்பின பக்கமெல்லாம் வெளிர்பச்சை. வீடு, பள்ளிக்கூடம், பீரோ, மேசை விசிறி, எதையும் விட்டுவைக்கவில்லை. பிறகு ஆரஞ்சும் காப்பிப்பொடி நிறமும் வந்தன. அந்தக் காலத்து போட்டோவில் சோபா எது, அதில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா எது என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அடுத்து ரோஸ். வாளி, குவளை, படுக்கை விரிப்பு எல்லாம் ரோஸ். அது திகட்டிப்போய் க்ரீம். க்ரீம் சீக்கிரம் அழுக்காகிறது என்று புலம்பியவர்களே இப்போது வந்து அழுக்கின் நிறத்தையே கேட்டு வாங்கிப் போகிறார்கள். சாம்பல் என்றால் நாகரிகமாம்.

"ரசனையாவது ஒண்ணாவது! கம்பெனிக்காரன் லாரியில எதை ஏத்தி அனுப்புறானோ அதான் ஊரோட ரசனை" என்பார் முதலாளி. அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்தாளே தவிர, அந்தப் பேச்சைத் தன் வீட்டுச் சுவரோடு சேர்த்து அவள் யோசித்ததில்லை.

அந்த வீட்டில்தான் அவள் பிறந்தாள். கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்ததும் அங்கேதான். அப்பா போன பிறகு அவளும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்குக் கொஞ்சகாலமாக ஞாபகம் நழுவிக்கொண்டே போகிறது. காலையில் மகளை மகள் என்பாள், மத்தியானம் தங்கை என்பாள், சாயங்காலம் யாரோ ஒரு அம்மா என்பாள். இதையெல்லாம் அக்கா தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு.

நகரத்தின் மறுகோடியில் இருக்கும் அண்ணன், அம்மாவின் அறை பளிச்சென்று இருக்கட்டும் என்று போன வருஷம் சாம்பல் அடித்துக் கொடுத்தான். நல்ல மனசோடுதான் செய்தான். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுவிடுவாள்.

"போலாமா? நம்ம வீட்டுக்குப் போகணும்."

"இதாம்மா நம்ம வீடு."

"யார்கிட்ட கதை விடுற?"

ஒருநாள் அக்கா கடையில் இருந்த நேரத்தில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு கிளம்பியேவிட்டாள். பெரிய சாலையில், லாரிகளுக்கு நடுவே திகைத்து நின்றவளை, முகம் தெரிந்த ஒரு பஸ் டிரைவர் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணனுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் இடம் சொல்லி வைத்துவிட்டு வந்து நின்றான்.

"நல்ல இடம். கூடவே நர்ஸ் இருக்காங்க. உன்னால வேலையையும் பாத்துக்கிட்டு இவங்களையும் கட்டி மேய்க்க முடியாது."

"முடியாதுன்னு நான் சொன்னேனா?"

"நீ சொல்லமாட்ட. இன்னொரு தடவ ரோட்டுல போய் நின்னா என்ன பண்ணுவ?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அடுத்த ஞாயிறு வரைக்கும் தவணை கேட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு அவனும் சரி என்றான்.

அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலை, கலர். அம்மாவின் அறைக்குப் போய் சுவிட்ச் பெட்டியைக் கழற்றினாள். பெட்டிக்குப் பின்னால் வெயிலும் கையும் படாததால் பூச்சு வெளுத்திருக்காது. அந்த இடத்தின் விளிம்பைத் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தாள். சாம்பலுக்கு அடியில் க்ரீம் வந்தது, க்ரீமுக்கு அடியில் ரோஸ். எல்லாவற்றுக்கும் அடியில், சிமெண்டை ஒட்டிக்கொண்டு, அந்த வெளிர்பச்சை. அப்பாவும் அம்மாவும் குடிவந்தபோது அடித்தது. அம்மா தேடும் வீடு இதுதான் என்று அக்காவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அழுகை வந்தது, கூடவே பெருமையும் வந்தது.

மறுநாள் கடையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பச்சையைக் கலந்தாள். பழக்கமான பெயிண்டர் வந்து அடித்துக் கொடுத்தார். அம்மாவை அதுவரை பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். காய்ந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

அம்மா வாசற்படியிலேயே நின்றாள். நாலு சுவரையும் பார்த்தாள். முகம் மலரும் என்று காத்திருந்த மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மறுபடியும் இந்த எழவெடுத்த பச்சையா!"

"அம்மா?"

"மஞ்சள் வாங்கிட்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நல்லாத் தலையாட்டிட்டுப் போவாரு, பச்சை டப்பாவோட வந்து நிப்பாரு. கேட்டா, கடையில இதுதான் இருக்கு, எல்லாரும் இதத்தான் அடிக்கிறாங்கன்னு ஒரு பேச்சு. எல்லாரும் அடிச்சா? எல்லாருமா இந்த ரூம்ல படுக்கப்போறாங்க?"

பல மாதங்களில் அம்மா சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. பேசிவிட்டு, கைப்பையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவமானமாக இருந்தது. மேசைக்கு வரும் எவனோ ஒருவனிடம்கூட "என்ன கலர் வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறாள். வாழ்நாளெல்லாம் கேட்ட அந்தக் கேள்வியைப் பெற்றவளிடம் அவளும் கேட்கவில்லை, வீட்டில் வேறு யாரும் கேட்கவில்லை. பச்சைக் காலம், ரோஸ் காலம் என்று வாய்கிழியப் பேசுகிறாளே, அந்தக் காலங்களில் எத்தனை பேர் வேண்டாத நிறத்துக்குள் குடித்தனம் பண்ணினார்களோ!

சனிக்கிழமை அம்மாவைக் கடைக்கே அழைத்துப் போனாள். ஸ்டூலில் உட்கார வைத்தாள். மேசைக்குப் பின்னால் மகள் போய் நின்றதும் அம்மாவுக்கு அவள் கடைக்காரி ஆகிவிட்டாள்.

"ஏம்மா, மஞ்சள் இருக்கா? வீட்டுக்காரர் வந்தா பச்சையத் தலையில கட்டி அனுப்பிடுவீங்க. அதான் நானே வந்துட்டேன்."

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப்பக்கம் போய்விட்டார். அக்கா வெள்ளை டப்பாவைத் திறந்தாள். "எப்படிப்பட்ட மஞ்சள் வேணும்மா?"

"நீ ஊத்து. நான் சொல்றேன்."

ஷேடு கார்டை ஓரம்கட்டிவிட்டு, கலர் மிஷினை அணைத்துவிட்டு, மஞ்சள் சாயத்தைத் துளித்துளியாக விட்டுக் கலக்கினாள். ஒவ்வொரு முறையும் அட்டையில் தடவிக் காய வைத்துக் காட்டினாள்.

"இது சோகை பிடிச்ச மாதிரி இருக்கு. இன்னும்."

இன்னும் விட்டாள்.

"பயப்படாதம்மா, ஊத்து. இன்னும்."

அது எந்தக் காலத்திலும் எந்தக் கம்பெனிக்காரனும் லாரியில் ஏற்றாத மஞ்சள். படுக்கையறைக்கு ஆகாது என்று வாடிக்கையாளருக்குப் புத்தி சொல்லி அனுப்பும் மஞ்சள். அக்கா அந்தப் புத்தியைச் சொல்லாமல் அட்டையை நீட்டினாள். அம்மா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"போதும்" என்றாள். குரலில் அப்படி ஒரு திருப்தி.

பெயிண்டர் அன்றைக்கே ஒரு கை அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல் வந்து இரண்டாவது கை அடித்துவிட்டுப் போனார். சுவர் காயுமுன்பே அம்மா அறைக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அறை கண்ணைக் கூசவைத்தது. சாயங்காலம் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்த அண்ணன், அந்த மஞ்சளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான்.

"என்னடி இது, கண்ணு அவியுது!"

அம்மாவின் துணிமணிப் பெட்டி கூடத்தில் தயாராக இருந்தது. விடுதிக்கென்று அதைக் கட்டி வைத்ததும் அக்காதான்.

அண்ணன் பெருமூச்சு விட்டுக் கதவோரம் சாயப்போனான்.

"தம்பி, யாருப்பா அது? சுவத்துல சாயாத, ஈரமா இருக்கு" என்று அதட்டினாள் அம்மா.

பெற்ற மகனைத் தெரியவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து அவள் முன்னால் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்கம்மா, போலாம்."

அம்மா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"எங்கப்பா போகச் சொல்ற? இப்பத்தானே வீட்டுக்கு வந்திருக்கேன்."