சலூத்தின் மூன்று வரி

ஸ்பெயின் நாட்டு ஹெரெஸ் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு சலூத்தை ஒரு சமையல்காரியாகத்தான் தெரியும். சந்தியாகோ பேட்டைப் பழைய ஆட்களைக் கேட்டால் மட்டும், "அவளா? பதினேழு வயசுல கல்யாண வீட்டுல அவ பாடினா, மாப்பிள்ளையே பொண்ண மறந்துட்டு நிப்பான்" என்பார்கள். கொஞ்சம் மிகைதான். பாட்டு விஷயத்தில் அந்தப் பேட்டை ஜிப்ஸிகள் குறைத்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

பத்தொன்பது வயதில் கிதார்க்காரன் பெர்னார்தோவைக் கட்டிக்கொண்டாள். ஒரே பையன், தொமாஸ். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டான். அதோடு சலூத் மேடைப் பாட்டை விட்டாள். பீப்பாயிலிருந்து ஷெர்ரி ஒயின் பிடித்துத் தரும் ஒரு மதுக்கடையில் கணவன் கிதார் வாசித்தான்; அவள் அதே கடையின் அடுக்களைக்குள் புகுந்துகொண்டாள். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. பன்றிக் கன்னம் ஒயினில் வேகிற மணத்தை வைத்தே மணி சொல்வாள். கொண்டைக்கடலை பதமாக வேகும் முன் தட்டில் வைத்தால் முதலாளி என்றும் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் அவளிடம் மிச்சம் இருந்தது. பையனைப் புதைத்த மறுவாரம், மொட்டைமாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போன இடத்தில் தானாக வந்த மூன்று வரி:

உன் சட்டையைத் துவைத்துப் போட்டேன் மகனே,
கொடியில் அது காய்ந்தும் போயிற்று;
போட்டுக்கொள்ள நீ எப்போது வருவாய்?

நவம்பர் முதல் தேதி, ஊரே கல்லறைக்குப் பூ எடுத்துப் போகிற நாளில், அதை அவனுக்குப் பாடுவாள். வருஷத்துக்கு ஒரே முறை. கூட பெர்னார்தோ மட்டும், கிதார்கூடக் கிடையாது. "இது அவனோடது. வெளிய வரக்கூடாது" என்று முதல் வருஷமே சொல்லிவிட்டாள். பெர்னார்தோவும் கல்லறைக் கல்லில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

ஒரு அக்டோபர் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை பிதுங்கியது. மேடையில் புதிதாகச் சேர்ந்த பாட்டுக்காரி அரசெலி. வயது இருபத்துமூன்று, கரகரத்த நல்ல குரல். சலூத் உள்ளே நெத்திலியை மாவில் புரட்டிக்கொண்டிருந்தாள். பெர்னார்தோவின் கிதார் மெதுவாக எடுத்துக்கொடுக்க, அந்தப் பெண் முதல் வரியை இழுத்து, வளைத்து, ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினாள். கூட்டம் "ஒலே!" என்று சபாஷ் போட்டது. சொற்கள் புத்தியில் ஏறும் முன்பே சலூத்தின் வாயும் "ஒலே" என்றுவிட்டது.

பிறகுதான் கொடி வந்தது, காய்ந்த சட்டை வந்தது.

கை மாவோடு அப்படியே நின்றுவிட்டது. தட்டு கொடுக்கும் ஜன்னல் வழியே பார்த்தாள். மூன்றாவது வரி முடிந்ததும் சுற்றுலா வந்த ஒரு ஜெர்மன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு அடுத்த துண்டுப் பன்றிக் கன்னத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இடைவேளையில் பெர்னார்தோ சிரித்த முகமாக உள்ளே வந்தான். "கேட்டியா? ஜனம் உருகிப்போச்சு!"

"அது அவகிட்ட எப்படிய்யா போச்சு?"

அவன் ஒரு ஆலிவ் காயை எடுத்து உருட்டினான். "அந்தப் பொண்ணு வேற யாரும் பாடாத சரக்கு ஒண்ணு வேணும்னு கேட்டுச்சு. நீயும் எத்தனை வருஷம்தான் பூட்டி வெச்சிருப்ப? பாட்டுன்னா நாலு பேரு காதுல விழணும் சலூத்து."

"கல்லு மேல கை வெச்சு சத்தியம் பண்ணியேய்யா."

"விடுடி. பையன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்."

அவள் பதில் சொல்வதற்குள் அரசெலி ஓடி வந்தாள். "அத்தை! மாமாவோட அம்மா பாடின பாட்டாமே அது! இன்னும் ஒரு அடி இருந்தா சொல்லுங்களேன், உங்களுக்குப் புண்ணியமா போகும்."

சலூத் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பாட்டைக் கொடுத்தவன் பையன் பேரைக்கூடச் சொல்லவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். ஊரான் செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியாவது ஆறியிருப்பாள். கூட அழுதவன் செய்ததை எந்த வார்த்தையால் திட்டுவது? அந்தப் பெண்ணை நொந்து பயனில்லை. அவளுக்கு என்ன தெரியும்?

"இல்லம்மா, அவ்வளவுதான்" என்றாள் சலூத். "நெத்திலி ஆறுது பாரு. எடுத்துக் குடுத்துட்டுப் போ."

நவம்பர் முதல் தேதி காலையில் பெர்னார்தோ கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "நீ வராத" என்று சொல்லிவிட்டு, செவ்வந்திப் பூவோடு தனியாகப் போனாள். கல்லைத் துடைத்தாள். பூவை வைத்தாள். அக்கம்பக்கத்தில் ஆள் குறையும்வரை காத்திருந்து, பாட வாயைத் திறந்தாள்.

வந்தது அரசெலியின் இழுப்பு.

நிறுத்தி, தொண்டையைச் செருமி, மறுபடி எடுத்தாள். அதே வளைவு, அதே கரகரப்பு. தன் பழைய ராகம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. மூன்றாம் முறை, முதல் வரியில் அந்தப் பெண் நிறுத்திய அதே இடத்தில் சலூத்தின் மூச்சும் தானாக நின்றது. "ஒலே" சொல்வதற்காகக் கூட்டத்துக்கு விட்ட இடம் அது.

சலூத் வாயை மூடிக்கொண்டாள். அந்த வருஷம் தொமாசுக்கு யாரும் பாடவில்லை.