எம் என்றால் மீடியம்

சி.டி. உள்ளே போனதும் எங்கள் பழைய கம்ப்யூட்டர் 'உய்ங்' என்று மூச்சை இழுக்கும். அந்தச் சத்தத்தை நினைத்தால் ஆம்பூரின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படியே கண்ணுக்குள் வந்துவிடும்: தோல் பதனிடும் டேனரி வாடைக்குச் சாத்திய ஜன்னல், பச்சைத் திரைச்சீலையில் தண்ணீர் மாதிரி அசையும் வெயில், சர்ச்சுக்குப் போட்ட கவுனைக்கூட மாற்றாமல் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பிணங்களைச் சுட்டுக்கொண்டிருக்கும் நான்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்ததிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதையே விட்டிருந்தான். கூப்பிட்டால், "போ பாப்பா, பேஜார் பண்ணாத" என்பான். அவன்தான் ஒருநாள் வேலூர் லாங் பஜாரிலிருந்து அந்த கேம் சி.டி.யை வாங்கி வந்தான். இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டியது. வேறு ஆள் கிடைக்காததால் என்னைச் சேர்த்துக்கொண்டான்.

அம்மாவுக்கு லெதர் ஜாக்கெட் கம்பெனியில் காலரில் சைஸ் லேபிள் தைக்கிற வேலை. சி.டி. உறையைத் திருப்பிப் பார்த்தவள், மூலையிலிருந்த எழுத்தைத் தொட்டு, "எம் போட்டிருக்கான். மீடியம்தான், பாப்பாவுக்கு சரியா இருக்கும்" என்றாள். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமாம்மா" என்றான். நானும் நம்பிவிட்டேன்!

அப்புறமென்ன, சொர்க்கம்தான். இருண்ட மாளிகையில் பிணங்கள் எழுந்து வரும், நான் அலறுவேன், "பின்னாடி பாரு பாப்பா, பயப்படாத, நான் இருக்கேன்" என்று அண்ணன் கத்துவான்.

வீட்டுக்கு வந்த சண்டே ஸ்கூல் டீச்சர்தான் உண்மையைப் போட்டு உடைத்தார்: "அக்கா, எம்னா மெச்சூர், பெரியவங்க ஆடுறது." அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் போனதும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கர்த்தரே, இவ்ளோ ரத்தம்! இதுல இன்னாடி ஆசை உனக்கு?"

"இத ஆடும்போதுதாம்மா அண்ணன் எங்கிட்ட பேசுது."

அம்மா என் தலையைத் தடவினாள், ஆனாலும் சி.டி.யை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் அதற்குப் பதிலாகக் கார் ரேஸ் சி.டி. கொண்டுவந்தான். அதில் அவன் கார் அவன் பாட்டுக்கு முன்னால் போய்விடும், என் கார் என் பாட்டுக்குப் பின்னால் வரும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சீக்கிரமே அவன் தோஸ்துகளோடு வெளியே போக ஆரம்பித்தான். சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் என்ன ருசி என்று இன்றைக்கு எல்லோரும் கேட்கிறார்கள். மற்ற பிள்ளைகளைப் பற்றித் தெரியாது. எனக்கு ரத்தம் பிடித்ததே இல்லை, பயம்தான் பிடித்திருந்தது. பயந்தால் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது, ஆளும் இருந்தது.

சி.டி. விற்ற கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அண்ணன் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். போன மாதம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். வீடு திரும்பிய பிறகுதான் அண்ணி சொல்லி எனக்குத் தெரியும். அடித்துப் பிடித்து ஓடினேன்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணா?"

"உன்ன எதுக்கு பயமுறுத்தணும்னுதான் பாப்பா."

கோபமென்ன கோபம், அழுகைதான் வந்தது. நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன், "டீ குடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டான்.