ஸ்கூட்டருக்கு வழி, ரூத்துக்குத் தயவு

பிள்ளைகளே, நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில், பஸ் ஸ்டாப்பில் சக்கர நாற்காலியில் ஒரு சீனப் பெண்மணி காத்திருந்தார். பஸ் வந்ததும், உதவலாமே என்று பின்னால் போய் நாற்காலியைப் பிடித்துத் தள்ளினேன். "டோன்ட் டச்!" என்றார். திருடன் என்று நினைத்துவிட்டார் போல என்று பயந்து, "மீ குட் மேன், மேடம்" என்று உளறினேன். இன்னும் முறைத்தார். ஓட்டுநர் இறங்கி வந்து பஸ் வாசலில் சரிவுப் பலகையை விரித்தார். அந்த அம்மா தானே உருட்டிக்கொண்டு ஏறினார். பஸ்ஸே காத்திருந்தது. ஒருவர்கூட "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டவில்லை. நல்லது செய்யப் போனவனுக்கு இதுதான் மரியாதையா என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

என் மகள் ரூத்தும் சக்கர நாற்காலியில் போகிறவள்தான். இரும்புலியூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் உண்டு. ஆனால் லிஃப்டை விட்டு வெளியே வந்தால் நான்கு படி இறங்க வேண்டும். சின்ன வயதில் நான் தூக்குவேன். நான் இங்கே வந்த பிறகு யார் யாரோ தூக்கினார்கள். இந்த வருஷம் காலேஜில் சேர்ந்தாள். "எவனோ ஒருத்தன் இடுப்பப் புடிச்சுத் தூக்கினாத்தான் நான் காலேஜ் போவணுமாப்பா?" என்று போனில் கேட்டாள். அன்றுதான் அந்தப் பெண்மணியின் கோபம் எனக்கு விளங்கியது.

லீவில் ஊருக்குப் போனேன். படியோரம் என் செலவில் ஒரு சரிவு போட்டுக்கொள்கிறேன் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கேட்டேன்.

"எதுக்கு சார் அதெல்லாம்? என்ட்ரன்ஸ் லுக்கே போயிடும். நாங்கல்லாம் இருக்கோம்ல? ஒரு கொரல் குடுங்க, நாலு பேரு வந்து தூக்கிட மாட்டோம்?"

படிக்கு மேலேயிருந்த ரூத் விடவில்லை. "அங்கிள், கேட்டாண்ட உங்க ஸ்கூட்டர் ஏறச் சரிவு இருக்கே, அத இடிச்சிடலாமா? தெனம் காலைல நாலு பேரு வந்து வண்டியத் தூக்கி ரோட்ல வெச்சிடறோம்."

"உங்க பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி சார்" என்று அவர் என்னிடம் சொன்னார். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சங்கக் கூட்டத்தில் எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். சரிவு மட்டும் வேண்டாமாம். எனக்கு இன்னும் நெஞ்சு எரிகிறது. ஸ்கூட்டர் போக வழி விடுவார்களாம், என் பெண்ணுக்குத் தயவு காட்டுவார்களாம்! தூக்க வரும் அந்த நாலு பேர் குளித்துச் சாப்பிட்டு வருவதற்குள் அவள் வகுப்பு முடிந்துவிடும். சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அவளே புகார் எழுதி அனுப்பிவிட்டாள். பிள்ளைகளே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருந்தால் தூக்க ஓடாதீர்கள். அவரோடு நின்று, வழி எங்கே என்று சத்தமாகக் கேளுங்கள்.

நான் கிளம்பிய அன்று ரூத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு அந்த நான்கு படியையும் இறங்கினேன். டாக்ஸி ஹாரன் அடித்தது. "அப்பாவ வழியனுப்ப வேணாமா? வா கண்ணு" என்று செயலாளர் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"சரிவு போடுங்க அங்கிள், நானே வரேன்" என்றாள்.

மேலே அவள், கீழே பெட்டியோடு நான். விமானம் ஏறி இங்கே வந்து சேர்ந்த பிறகும், அந்தக் கடைசிப் படிக்குக் கீழேயேதான் நின்றுகொண்டிருக்கிறேன்.