இரட்டைப் பனைக்கு நேரே

திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியை. ஒரு மணி அடித்தால் கணக்கு, மறு மணி அடித்தால் பூகோளம் என்று வாழ்கிறவளுக்கு உலகமே ஒரு கால அட்டவணைக்குள் அடங்கிவிடும் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே குடியிருந்தோம். என் கணவர் தோல் மண்டி முதலாளி ஒருவரிடம் மோட்டார் ஓட்டினார். அந்த முதலாளி குடும்பத்தோடு காசிக்குப் புறப்பட்டபோது, வண்டியை ஒரேயடியாக நிறுத்திவைத்தால் கெட்டுவிடும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரியை எங்கேயாவது கூட்டிப் போய்விட்டு வா என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு ரயிலேறினார். அந்த வார்த்தை எங்களுக்கு என்னவாக ஆனது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. இன்றைக்கும் அவரை நினைத்தால் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

எங்கே போவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழவேற்காடு. ஒல்லாந்தர் கோட்டை கட்டி வாணிபம் செய்த ஊர், அவர்களுடைய கல்லறைகள் எலும்புக்கூடு செதுக்கிய கற்களோடு இன்னும் நிற்கின்றன என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஒரு முறைகூடப் போனதில்லை. பார்க்காததைப் பார்த்த மாதிரி கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது எனக்கே வெட்கமாக இருந்தது. கணவருக்கு மகாபலிபுரம் போக ஆசை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் பழவேற்காட்டுக்கு ஒப்புக்கொண்டார்.

வடக்குக் கரையை விரல் நுனியில் வைத்திருப்பவர் என்று எனக்குத் தெரிந்த ஆள் என் அப்பாதான். நெட்டுக்குப்பத்தில் கட்டுமரம் ஓட்டிப் பிழைத்தவர். மூன்று பெண்களை அந்தக் கட்டுமரத்தில்தான் வளர்த்தார், என்னைப் படிக்கவும் வைத்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பென்சிலும் பழைய காலண்டர் தாளுமாகப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போலத் தமது பனையோலைப் பெட்டியைத் திறந்து தூண்டில் முட்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மூடி போட்ட பெட்டி, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரிடம் இருந்தது. பழவேற்காடு என்றதும் அவர் கை நின்றது.

"நானும் வரட்டா கண்ணு?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்களிடம் எதையும் கேட்டறியாத மனிதர் அவர். தீபாவளிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தால்கூட, எதுக்கும்மே இதெல்லாம் என்று திருப்பித் தரப் பார்ப்பார்.

பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார். கல்யாணமான புதிதில் ஒரு ஐப்பசிப் புயலில் அவருடைய கட்டுமரத்தின் கட்டு அறுபட்டு, ஒற்றைக் கட்டையைப் பிடித்துக்கொண்டே மிதந்து, பழவேற்காட்டு முகத்துவாரத்தில் ஒதுங்கியிருக்கிறார். ஏரிக்கரையில் குடியிருந்த ஒரு முஸ்லிம் தம்பதி அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆறு நாள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். காய்ச்சலில் வாய் திறக்க முடியாதவருக்கு அந்த அம்மாள் கஞ்சியைச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருக்கிறாள். எழுந்து நடமாடியதும், கிளிஞ்சல் ஏற்றி வந்த கால்வாய்ப் படகில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். வழிக்குப் பொரி கட்டிக் கொடுத்த பெட்டிதான் இந்தப் பெட்டி. இங்கே குப்பத்திலோ காரியத்துக்கு நாள் பார்த்துவிட்டார்களாம். பதினேழு வயசு அம்மா வாசலில் கல்லாக உட்கார்ந்திருந்தபோது இவர் பொரிப் பெட்டியோடு வந்து நின்றிருக்கிறார்.

"அடுத்த மாசமே மீனோட வர்றேன் அக்கான்னு சொல்லிட்டு வந்தேன்," என்றார். "போவல."

எனக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. பொன்னேரிக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து மாட்டு வண்டி இருக்கிறது, முப்பது வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் முட்களைப் பெட்டியில் போட்டு மூடினார். முதல் வருஷம் புதுக் கட்டுமரத்துக்கே வழியில்லை, வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. அடுத்த வருஷம் ஒரு வருஷம் தாமதமாகிவிட்டதே என்று வெட்கம். அதற்கடுத்த வருஷம் வெட்கம் இரண்டாகிவிட்டது. அப்படியே ஏறிக்கொண்டே போய்விட்டது என்றார். வடக்கே தொழிலுக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டுக்கு நேரே வந்ததும் துடுப்பை வைத்துவிட்டுக் கடலிலிருந்தே கும்பிடுவாராம். கடைசி நாலைந்து வருஷமாக அவ்வளவு தூரம் போகவும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. அந்த அக்கா இருக்கிறாளோ இல்லையோ என்றார்.

பேர் கேட்டேன். தெரியாது. அவள் தம்பி என்றாள், இவர் அக்கா என்றார், அவ்வளவுதான். தெரு கேட்டேன். அதுவும் தெரியாது.

"பள்ளிவாசல் கோபுரம் இரட்டைப் பனைக்கு நடுவுல வந்து நிக்கும். அந்தப் பனைக்குக் கீழதான் வூடு. ஆனா தண்ணில இருந்து பாத்தாதாம்மே தெரியும்," என்றார்.

காலண்டர் தாளில் "இரட்டைப் பனை, பள்ளிவாசல் அருகே" என்று எழுதிக்கொண்டேன். தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும் என்றதை எழுதவில்லை. நாம் போவது மோட்டாரில், இந்த மனிதருக்குக் கடலை விட்டால் வேறு பேச்சே கிடையாது என்று மனசுக்குள் சலித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. நான் போட்ட அட்டவணையைப் பார்த்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. விடிய ஐந்து மணிக்குப் புறப்பாடு. மாதவரம், செங்குன்றம் ஏரிக்கரையில் பலகாரம், பொன்னேரி, ஒன்பதுக்குப் பழவேற்காடு. கல்லறைகளைப் பார்க்க இரண்டு மணி நேரம். நன்றி சொல்ல அரை மணி. ஆம், அப்படித்தான் எழுதியிருந்தேன், பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்புக்கு ஒதுக்குகிற மாதிரி.

அப்பா தம் பங்குக்கு ஒரு திட்டம் போட்டார். அன்றைக்குக் காற்று எப்படி இருக்கும், நிலா எத்தனையாம் நாள் என்றெல்லாம் கணக்குப் பார்த்தார். மோட்டாருக்குக் காற்று எதற்கு மாமா என்று என் கணவர் கேட்டதற்கு, வண்டி உன் பொறுப்பு, காற்று என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். முக்கியமான சண்டை மீனைப் பற்றி வந்தது. தாமே பிடித்த வஞ்சிரத்தோடுதான் அந்த வாசலை மிதிப்பேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். முதலாளி வண்டியின் தோல் மெத்தையில் மீன் நாற்றம் ஏறினால் தம் வேலை போய்விடும் என்று கணவர் மறுத்தார். பழவேற்காட்டில் இல்லாத மீனா என்று நான் இடையில் புகுந்தேன். ஏரிக்காரங்களுக்கு ஏரி மீன் கொடுப்பார்களா என்று அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் மீனை ஈரச் சாக்கில் சுற்றி, வெளியே கதவுக்குக் கீழே உள்ள ஏறுபடியில் வைத்துக் கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. கணவர் தெருக்கோடி வரை ஒரு கருங்கல்லைச் சாக்கில் கட்டி ஓட்டி, அவிழாமல் இருக்கிறதா என்று சோதித்துக்கூடப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கட்டுமரத்தில் வந்தார். நெட்டுக்குப்பத்திலிருந்து சித்தப்பாவோடு புறப்பட்டு, வழியிலேயே வலை போட்டு, ராயபுரம் கரையில் இறங்கி, மரத்தைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, சொன்ன நேரத்துக்கு வாசலில் நின்றார். ஒரு கையில் வஞ்சிரம், இன்னொரு கையில் அந்தப் பெட்டி. அவருடைய காற்று அவரை ஏமாற்றவில்லை. எங்கள் மோட்டார்தான் பனி ஈரத்தில் மக்கர் செய்தது. கணவர் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிச் சட்டை நனைந்து, ஆறேகாலுக்குத்தான் அது உறுமியது. என் அட்டவணை வாசலிலேயே விழுந்துவிட்டது. சிரிப்பை அடக்கியதில் அப்பாவின் தோள் குலுங்கியது.

பழவேற்காட்டை அடைந்தபோது பத்தரை மணி. பள்ளிவாசலைக் கண்டுபிடித்தோம். இரட்டைப் பனை எங்கே என்று கேட்டால் கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். அந்த ஊரில் எங்கே திரும்பினாலும் பனை. பேர் சொல்லுங்கள் என்றார்கள். எங்களிடம் பேர் இல்லை. இரண்டு தெருவை நாலு முறை சுற்றினோம். அப்பா மணலில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். தம் உள்ளங்கை ரேகை மாதிரி அறிந்த ஊரில், தரையில் நின்றதும் அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஈரச் சாக்கு காய ஆரம்பித்தது. திரும்பிப் போயிடலாம் கண்ணு, எனக்குக் குடுத்துவெக்கல என்று அவர் வண்டியை நோக்கி நடந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் நான் எழுதாமல் விட்டது ஞாபகம் வந்தது. தண்ணில இருந்து பாத்தாதாம்மே தெரியும். மூன்று வாரமாக நேரம், பலகாரம், சாக்கு என்று எல்லாவற்றையும் எழுதியவள், போகிற வழியை மட்டும் விட்டுவிட்டேன். முப்பது வருஷம் கடலை அளந்தவருடைய வார்த்தையை, நாலு எழுத்துப் படித்த திமிரில் தள்ளிவிட்டேன். அவர் காலில் விழலாம் போல இருந்தது. அதற்கு நேரமில்லை என்பதால் ஏரிக்கரைக்கு ஓடிப்போய்க் கழி ஊன்றி ஓட்டும் படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன்.

அப்பாவும் நானும் ஏறிக்கொண்டோம். படகு முகத்துவாரத்தை நோக்கி நகர நகர அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் கரையைத் திரும்பிப் பார்த்தபடி எழுந்து நின்றுகொண்டார். படகுக்காரனிடம் தெற்கே போ, இன்னும் கொஞ்சம், நில்லு என்றார். பள்ளிவாசல் கோபுரத்துக்கு இடது பக்கம் ஒரு பனை நின்றது. வலது பக்கம் ஒன்றுமில்லை.

"ஒண்ணு விழுந்துட்டுகீது," என்றார். "வூடு அங்கதான் கீது."

அவர் கை நீட்டிய இடத்துக்குப் படகு நேராகப் போனது. கணவர் எங்களைப் பார்த்துக்கொண்டே கரையோடு வண்டியை ஓட்டி வந்தார். ஒற்றைப் பனைக்கு அடியில் ஓலை வேய்ந்த ஒரு வீடு. முற்றத்தில் நரைத்த தலையில் முக்காடு போட்ட ஓர் அம்மாள் பனங்குருத்தைக் கிழித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வண்டியிலிருந்து மீனை அவிழ்த்து ஏந்திக்கொண்டு போய் நின்றார். ஆனால் வாய் வரவில்லை. புயல், ஆறு நாள், கஞ்சி, கிளிஞ்சல் படகு என்று எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். தன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது, இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்றாள். பிறகு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்க எத்தனையோ பேரு ஒதுங்கியிருக்காங்க தம்பி. நீ எந்தப் புயலுக்கு வந்தவன்?"

அவளுக்கு ஞாபகமே இல்லை. ஒரு கணம் அப்பாவுக்காக என் நெஞ்சு பதறியது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால், முப்பது வருஷமாகத் தலையில் சுமந்த கூடையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவர் வராததை அவள் ஒரு நாளும் குறையாக எண்ணியதில்லை. கரை ஒதுங்கியவர்களைக் காப்பாற்றுவது அந்த வீட்டில் தினப்படி வேலை. அப்பா மணலில் உட்கார்ந்து சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டியை நான் நீட்டினேன். அதை வாங்கித் திருப்பிப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இது என் கை என்றாள். ஆளை மறந்தவள் தன் பின்னலை மறக்கவில்லை. இதில் போய் யாராவது முள் போட்டு வைப்பார்களா, ஓரமெல்லாம் பிரிந்து கிடக்கிறதே என்று அப்பாவைத் திட்டிக்கொண்டே, அங்கேயே உட்கார்ந்து புதுக் குருத்தால் விளிம்பைச் சேர்த்துப் பின்ன ஆரம்பித்தாள். மருமகள் வஞ்சிரத்தை நறுக்கி உலை வைத்தாள். சாப்பிடாமல் கிளம்பக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. கல்லறைகளை நாங்கள் பார்க்கவே இல்லை. அடுத்த வருஷமும் பார்த்த மாதிரியேதான் பாடம் நடத்தினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

சாப்பாடு ஆனதும் அவள் என் பக்கம் திரும்பி, வந்ததிலிருந்து நீயே பேசுகிறாயே, நீ யார் என்று கேட்டாள். நான் பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், அந்த வீட்டில் அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதிருந்த அப்பா முந்திக்கொண்டார்.

"அந்தப் புயலுக்கு அடுத்த வருசம் பொறந்தவ. நீ ஊத்தின கஞ்சிதான் அக்கா இது."

அவள் பின்னலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.