டிஸ்க்கைக் கொடுத்தேன், நிரலைக் கொடுக்கவில்லை

எண்பதுகளின் நடுவில், செம்பவாங் கப்பல் பட்டறையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தபோது, தமிழில் தட்டி அச்சிட ஒரு நிரல் எழுதினேன். யாரும் கேட்கவில்லை, வீம்புக்கு எழுதினேன். எழுதிய நிரல் வரிகளையும் சேர்த்தே டிஸ்க்கில் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தேன். வேண்டியபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவரும் மாற்றவில்லை. மாற்றித் தரச்சொல்லி என் வீட்டுக்கு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையானால் வாசல் நிறையச் செருப்பு. கோயில்காரர்கள், மாதாகோயில்காரர்கள், கல்யாணப் பத்திரிகைக்காரர்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர்கள் பார்த்ததோடு விடாமல், இரண்டு பல்லை மாற்றிக் கட்டவும் சொன்னார்கள். நானும் வந்தவரை உட்காரவைத்து, அவர் டிஸ்க்கில் மட்டும் திருத்திக் கொடுத்துவிடுவேன். என்ன திருத்தினேன் என்று எழுதி வைத்ததே இல்லை. புத்தி!

நாலு வருடம் இப்படியே ஓடியது. "சிராங்கூன் ரோட்டுல நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தோசை சாப்பிட்டு எத்தன நாளாச்சு?" என்றாள் மனைவி. என் ஞாயிறு எனக்கு வேண்டும். அந்த மனிதர்களை நட்டாற்றில் விடவும் மனம் இல்லை.

அப்போதுதான் கிளமெண்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நிரல் எழுதுவதுதான் அவளுக்கு வேலை. தன் தேவாலயத்தின் வாரமடலை என் நிரலில் அச்சிட்டுவந்தாள். நான் எழுதியதைப் படித்து, பிழைகளைக் குறித்துக்கொண்டு வந்த ஒரே ஆள் அவள்தான்.

"இனிமே நானே பாத்துக்கிறேன் அங்கிள். ஒரே ஒரு கண்டிஷன். யாரு வந்தாலும் என்கிட்ட அனுப்பிடணும். நீங்க கை வைக்கக் கூடாது."

"தாராளமா" என்று எல்லா டிஸ்க்கையும் அள்ளிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் இல்லை. ஒரு பிரதியை அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, தஞ்சோங் பகார் கோயில் கமிட்டிக்காரர் எம்ஆர்டி ரயில் ஏறி, பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். "தம்பி, எங்க பிரிண்டர்ல வரி ரொம்ப நெருக்கமா வருது. கொஞ்சம் பாருங்க லா." அவ்வளவு தூரம் வந்தவரை வாசலோடு கிளமெண்டிக்கு விரட்டுவதா? வரி இடைவெளியைத் திருத்தினேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த மாதம் அவள் தன் புதுப் பதிப்பை எல்லோருக்கும் அனுப்பினாள். கமிட்டிக்காரர் அதை என் திருத்தத்தின் மேலேயே ஏற்றியிருக்கிறார். பாதி அவளுடையது, பாதி என்னுடையது. அன்னதான அழைப்பிதழ் கட்டுக்கட்டாக வந்தது, வரிமேல் வரி ஏறி, ஒரு சொல்கூடப் படிக்க முடியாமல்.

அந்தப் பெண் நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "ரெண்டு நாளா என் தப்புன்னு நெனச்சுத் தேடிக்கிட்டு இருந்தேன் அங்கிள். கடைசில பாத்தா நீங்க எழுதுன வரி! நீங்க குடுத்தீங்களா, இல்லையா? இல்லன்னா சொல்லிடுங்க, இப்பவே திருப்பிக் குடுத்துட்டுப் போறேன்."

வெட்கப்பட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில், திருப்பிக் கொடுத்துவிடுவாளோ என்ற பயம்தான். ஓடிப்போய் அலமாரியிலிருந்த பிரதியை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

"மன்னிச்சிரும்மா. இதுதான் கடைசி. சத்தியமா."

அவள் அழைப்பிதழைச் சரிசெய்து கொடுத்தாள். பிறகு நிரலின் பெரும்பகுதியைப் புதிதாகவே எழுதினாள்.

ஒரு ஞாயிறு காலை, யாரோ ஒருவர் வீடு தேடி வந்து, அச்சிட்ட தாளை நீட்டி, "இந்த இடத்துல ஏன் இப்படி வருது?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். அது அவள் எழுதிய பகுதி.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். பொய்யில்லை. அவளுடைய முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

"வந்தவர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மனைவி.

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

அவள் கூடத்துக்கே வந்துவிட்டாள். "எங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள்.