நான் வாசிக்காத பாதி வரி

அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது, பர்மா போய்விட்டது, அடுத்தது மெட்ராஸ்தான் என்று கூடலூர் முழுக்க ஒரே பேச்சு. மெட்ராஸிலிருந்து ஒரு குடும்பம் சட்டிபானையோடு கம்பத்தில் வந்து இறங்கியிருக்கிறதாம் என்று சந்தைக்குப் போனவர்கள் வந்து சொன்னார்கள். கூடலூருக்கு ஜப்பான்காரன் எதற்கு வரப்போகிறான், கடலைக்காய் வாங்கவா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. உண்மையில் எனக்கும் சிரிப்பு வரவில்லை. தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். உட்கார்ந்தால் மூச்சு முட்டும், நின்றால் இடுப்பு விட்டுப்போகும். அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான், என் வீட்டுக்காரர், மாமனார். மாமியார் நான் அந்த வீட்டுக்குப் போகுமுன்பே காலமாகிவிட்டார். மாமனாருக்குக் கொஞ்சம் நஞ்சை, ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு. ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். பாதிரியார் எப்போதாவது வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வேதத்தை வாசித்து விளக்கம் சொல்வது மாமனார்தான். நல்ல குரல் அவருக்கு. அந்தக் குரலால் எதை வாசித்தாலும் நம்பத் தோன்றும். அதுதான் வினையாகிப் போனது.

உலகத்தின் கடைசி நாட்களில் என்னென்ன நடக்கும் என்று ஆண்டவர் தம் சீடர்களுக்குச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. யுத்தம் வரும், பஞ்சம் வரும், அப்போது மலைகளுக்கு ஓடிப்போங்கள் என்று அதில் சொல்லியிருக்கிறது. பர்மா விழுந்த நாளிலிருந்து மாமனார் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. எங்கள் ஊரில் வாசலில் நின்று தலையைத் தூக்கினாலே மலைதான். குமுளிக்கு ஏறும் பாதை வீட்டிலிருந்தே தெரியும். இவருக்குக் கேட்க வேண்டுமா?

அவர் மலையைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் இருந்தது. அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது பள்ளத்தாக்கு முழுக்க வாந்திபேதி பரவியது. அவர் தெருவில் பாதி வீடுகள் காலியாகிவிட்டன. அவருடைய அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறி, காப்பித் தோட்டம் ஒன்றில் போய் ஒண்டியதால்தான் உயிர் தப்பினார். அன்று முதல் அவருக்குக் கீழே என்றால் சாவு, மேலே என்றால் பிழைப்பு. இந்த முடிவு அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியுமுன்பே ஆகிவிட்டது. ஆண்டவர் அதற்குப் பிறகு வந்து கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

முதல் போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். எல்லாரும் நாற்றுப் பாவினார்கள். எங்கள் வயல் மட்டும் புல் முளைத்துக் கிடந்தது. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கேட்டார்.

"என்னண்ணே, நாத்துப் பாவலையா?"

"அறுக்க ஆளிருக்கணுமேப்பா" என்றார் மாமனார்.

"ஏன், நாங்கள்லாம் எங்கன போறோம்? எங்க மாரியாத்தா யாரையும் ஓடச் சொல்லலையே."

மாமனார் வரப்பைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார். உழவு மாடு வாசலில் சும்மா நின்று அசைபோடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் பொங்கும். மேலே தோட்டக்காட்டில் தெரிந்தவர் ஒருவர் ஒரு அறை தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆண்டவரிடமிருந்து அடையாளம் கிடைத்ததும் கிளம்ப வேண்டியதுதான் என்று மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் அந்த மலைக்குப் போனவர்கள் காய்ச்சலோடுதான் திரும்புவார்கள் என்பது ஊருக்கே தெரியும். அந்தக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை அப்போது குதிரைக்கொம்பு. அங்கே மருத்துவச்சி யார்? வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவது? இதைக் கேட்டால் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பார்.

நான் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். சும்மா விடுவேனா? அதே பக்கத்தை எடுத்து விரலை வைத்து வாசித்துப் பார்த்தேன். மலைக்கு ஓடச் சொன்னதற்குக் கொஞ்சம் கீழேயே என் வரி இருந்தது. அந்த நாட்களில் பிள்ளைத்தாய்ச்சிகளின் பாடு பரிதாபம் என்று ஆண்டவரே வருத்தப்படுகிற வரி. எனக்குப் புதையல் கிடைத்ததுபோல் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தவரின் முன்னால் புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"மாமா, இதையும் வாசிங்க."

வாசித்தார். "அது அந்தக் காலத்துல யூதேயா நாட்டுப் பொம்பளைகளுக்குச் சொன்னது ஆத்தா" என்றார்.

"அப்ப மலைக்கு ஓடுங்கன்னது மட்டும் கூடலூர்க்காரவுகளுக்குச் சொன்னதா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். அவர் எதையும் சட்டென்று பேசமாட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, "ஓடுறது மழைக்காலத்துல நேராம இருக்க வேண்டிக்கங்கன்னும் அதுலயே இருக்கே. மலைப்பாதை சறுக்கும், மாடு நிக்காது" என்றார். வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கு மழைதான் தெரிந்தது. ஒரே பக்கம், மூன்று பேர், மூன்று வரி. மாமனார் இரண்டு வரிகளையும் புத்தகத்தோடு சேர்த்து மூடிவிட்டார்.

பிறகு ஒரு நாள் காலையில் விமானம் ஒன்று பள்ளத்தாக்குக்கு மேலே தெற்கு நோக்கிப் போயிற்று. ஊரே வெளியில் வந்து அண்ணாந்து பார்த்தது. அது யாருடைய விமானம், எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. மாமனாருக்குத் தெரிந்துவிட்டது. "நாளைக்குக் கிளம்புறோம்" என்றார்.

அழுதேன், கத்தினேன், பாத்திரத்தை விட்டெறிந்தேன். என் வீட்டுக்காரர் அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். வண்டியில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் மெத்தையைப் போட்டுத் தந்தார். அதுதான் அவரால் முடிந்தது. அந்த மெத்தையில் ஏறி உட்கார்ந்தபோது வயிற்றுப்பிள்ளை புரண்டது. எனக்கு எல்லார் மேலும் வெறுப்பாக இருந்தது, ஆண்டவர் மேலும்தான்.

அடிவாரம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சாரல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வளைவு ஒன்றில் மாடுகள் நின்றுவிட்டன. இளைப்பாறட்டும் என்று என் வீட்டுக்காரர் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தார். அப்போதுதான் மேலேயிருந்து அவர்கள் வந்தார்கள். ஒரு ஆள், அவன் தலையில் மூட்டை. பின்னால் அவன் மனைவி, அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவன் கக்கத்தில் மஞ்சள் துணியில் சுற்றிய புத்தகம் ஒன்று இருந்தது. வேதப்புத்தகம் என்று பார்த்ததுமே தெரிந்தது.

தோட்டத்தில் எழுத்து வேலை பார்த்தவனாம். மலையாளம் கலந்த தமிழ். எங்கே போகிறீர்கள் என்று மாமனார் கேட்டார். கடைசி நாள் நெருங்கிவிட்டது, அதனால் பள்ளத்தாக்குக்கு ஓடுகிறோம் என்றான். மாமனாருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பள்ளத்தாக்குக்கா? மலைக்கு ஓடச் சொல்லித்தானய்யா எழுதியிருக்கு!"

"அது ஒரு இடத்தில. இங்க பாருங்க." அவன் புத்தகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களைப் பிரித்தான். மலை நடுவாகப் பிளக்கும், இடையே பெரிய பள்ளத்தாக்கு ஒன்று உண்டாகும், ஜனங்கள் அதன் வழியே ஓடுவார்கள் என்று ஒரு தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்தாற்போல், ஜீவ தண்ணீர் புறப்பட்டுப் பாதி கிழக்குக் கடலுக்கும் பாதி மேற்குக் கடலுக்கும் போகும் என்றும் இருக்கிறது. "மேற்க போன பெரியாத்துத் தண்ணிய மலையைக் குடைஞ்சு கிழக்க விட்டது எந்த ஊருக்கு? உங்க ஊருக்குத்தானே?" என்று அவன் கீழே கையைக் காட்டினான்.

நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பக்கம் வருஷநாட்டு மலை, இந்தப் பக்கம் நாங்கள் நிற்கும் மலை, நடுவில் புது நாற்றின் பச்சையோடு எங்கள் பள்ளத்தாக்கு. சொன்னது சொன்னபடி இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே உடம்பு சிலிர்த்தது. மாமனார் அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை வாசித்தவர். அதில் பள்ளத்தாக்கு இருப்பது அவர் கண்ணில் பட்டதே இல்லை. ஆனாலும் விடவில்லை. தன் புத்தகத்தையும் எடுத்தார். நடுரோட்டில், சாரலில், இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஏலம் போடுகிறவர்களைப்போலக் கத்தத் தொடங்கினார்கள்.

அந்தப் பெண் வண்டியோரம் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். நனையாமல் இருக்கட்டும் என்று குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆண் குழந்தை. அதன் உடம்பு என் வயிற்றின்மேல் பட்டபோது அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தொட்டதுபோல் சுட்டது.

"என்னம்மா இது, இப்படிக் கொதிக்குது!"

"மலைக்காய்ச்சல் சேச்சி. தோட்டத்து லயத்தில எல்லா வீட்டிலும் உண்டு. அங்க குடுத்த அரிசியும் நிறுத்தியாச்சு. கிழங்கு தின்னு எனக்குப் பாலும் கொறஞ்சு போச்சு" என்றாள். பிறகு புருஷன் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வேதவாக்கியம் ஒண்ணும் பார்க்கல சேச்சி. மோனைக் காப்பாத்தணும்னு இறங்கினோம். அந்த வரி அவர் வழியிலதான் கண்டுபிடிச்சது."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடுகளே தலையைத் திருப்பின. "இங்கன வாங்க. இந்தப் பிள்ளை நெத்தில கையை வச்சுட்டு அப்புறம் வாசிங்க."

வந்தார். வைத்தார். கையை எடுக்கவில்லை. அவர் முகம் வெளுப்பது எனக்குத் தெரிந்தது. மலையில் காய்ச்சல் என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் அது அவர் காதில் ஏறவே இல்லை. ஏனென்றால் அவர் பிழைத்தது மலையில். இப்போது அது அவர் உள்ளங்கையில் ஏறியது. புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வண்டியைத் திருப்புடா. இவுகளையும் ஏத்திக்க" என்றார் மகனிடம்.

எனக்கு உயிர் வந்தது. அடிவாரம் வருவதற்குள் மாமனார் அந்தத் தீர்க்கதரிசியின் பக்கத்தை எடுத்துப் பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்துவிட்டார். "நம்ம ஊரைப் பத்தித்தான் சொல்லியிருக்காக. நாந்தான் கவனிக்காம இருந்துட்டேன்" என்றார் சபையில் பேசும் அதே குரலில். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சிரிப்பா, அழுகையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர்களை எங்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னோம். கொயினாவுக்காக என் வீட்டுக்காரர் கம்பம், உத்தமபாளையம் என்று அலைந்தார். எங்கும் கிடைக்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் குழந்தை போய்விட்டது.

அடக்கம் செய்துவிட்டு வந்து ஆண்கள் இருவரும் கூடத்தில் புத்தகங்களோடு உட்கார்ந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஆறுதலாக ஒரு வரி தேடினார்கள். சும்மா சொல்லக்கூடாது, உண்மையாகவே தேடினார்கள். பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க இரண்டையும் பிடுங்கி வாய்க்காலில் போடலாமா என்றிருந்தது. அவள் எழுந்துபோய்ப் புருஷன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடி, மாடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மாமனாரும் தன்னுடையதை மூடிவிட்டார். மறுநாள் ஏரைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போனார்.

எனக்கு அந்த மாதக் கடைசியில் பெண் பிறந்தது. சுகப்பிரசவம்தான். ஆனால் எனக்குப் பால் இறங்கவில்லை. குழந்தை அலறிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. மருத்துவச்சி என்னென்னவோ செய்து பார்த்தாள். நான் ஆத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மலைப் பெண் உள்ளே வந்தாள். எங்கள் வீட்டுச் சோறு தின்றதில் அவளுக்குப் பால் ஊறி, குடிக்கப் பிள்ளையில்லாமல் கட்டிக்கொண்டிருந்தது. கொல்லைச் சுவரோரம் போய் அவள் பீய்ச்சிவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன், பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். என்ன பேசுவது? அவள் கையை நீட்டினாள். நான் பிள்ளையைக் கொடுத்தேன். அழுகை நின்றது.

எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. தலைமாட்டில் இருந்த வேதத்தை எடுத்துப் பிரித்தேன். பழக்கதோஷம், விரல் தானாக அந்தப் பக்கத்துக்குப் போயிற்று, என் வரிக்கு. பிள்ளைத்தாய்ச்சிகளின் பாடு என்று தொடங்கும் வரி அதோடு முடியவில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்மாரின் பாடும் என்று அதே மூச்சில் போகிறது. அந்த வரியை மாமனார் முகத்தில் எத்தனை தடவை நீட்டியிருப்பேன். ஒரு தடவைகூடப் பாதிக்கு மேல் நான் வாசித்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு என் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.