அழகுமுத்துவின் அறுபத்தொன்று

"பஸ்ட் கிளாஸ் எடுத்தவன் பொண்டாட்டி விசாவுல தொங்கிக்கிட்டுப் போக மாட்டான். உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் பஸ்ட் கிளாஸ், பஸ்ட் கிளாஸ்தான். என் சேர்ட்டிபிக்கட்டே என்னையக் கூட்டிட்டுப் போவும்!"

கொழும்பு ஜிந்துப்பிட்டியில், தேர்த்திருவிழா மோர்ப் பந்தலில், கையில் பிளாஸ்டிக் கோப்பையுடன் நின்று திருவாளர் அழகுமுத்து விடுத்த பிரகடனம் இது. கேட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர் அவருடைய மனைவி ரதி. மற்றவர்கள் தலையாட்டினார்கள். ரதி தலையாட்டவில்லை.

அழகுமுத்து பழைய சோனகத்தெருவில் ஓர் இரும்புக்கடையில் கணக்குப் பார்ப்பவர். வயது முப்பத்தாறு. தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் மூன்று வருடம் இருந்து பி.கொம். பட்டத்துடன் திரும்பியவர். அறுபது புள்ளிக்கு மேல் எடுத்தால் அங்கே முதலாம் வகுப்பு, இவர் அறுபத்தொன்று. அவரோடு படித்தவர்களில் முதலாம் வகுப்பு எடுக்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற தகவலை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். பட்டச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் முன்னறையில் தொங்கியது. முருகன் படம் அதற்குச் சற்றுக் கீழே.

ரதிக்கு இங்கிலாந்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தபோது கணவனையும் கூட்டிப்போக வழி இருந்தது. அழகுமுத்து கௌரவத்துடன் மறுத்தார். ரதி கெஞ்சினாள், சண்டை போட்டாள், மாமியாரை விட்டுப் பேசவைத்தாள். இந்தப் பேச்சுவார்த்தை ஒரு முடிவுக்கு வருமுன் அந்த நாட்டு அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: இனிமேல் இந்த வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது. ரதி தனியாக விமானம் ஏறினாள். இனி மனைவியோடு வாழவேண்டுமென்றால் அழகுமுத்துவுக்கு இருந்தது ஒரே வழி. மாணவராகப் போவது.

வெள்ளவத்தையில் மாடியில் இயங்கிய கல்வி முகவர் நிலையத்துக்குள் அவர் நுழைந்த தோரணையைப் பார்த்தவர்கள், ஆள் அந்தக் கட்டடத்தை வாங்க வந்திருக்கிறார் என்றே நினைத்திருப்பார்கள். ஆலோசகர் ரொஷேல் கொட்டாஞ்சேனைப் பெண். சான்றிதழை வாங்கி, கணினியில் எதையோ தட்டி, உதட்டைப் பிதுக்கினாள்.

"மிஸ்டர் அழகுமுத்து, நீங்க கேக்கிற யூனிவர்சிட்டியில இந்த கோர்ஸுக்குச் செக்கண்ட் அப்பர், அதாவது இரண்டாம் வகுப்பு மேல்பிரிவு கேக்கிறாங்க."

"நம்மகிட்ட அதுக்கு மேலேயே இருக்கே மிஸ்."

"இல்ல, வெளிநாட்டுப் புள்ளியை மாத்திற அவங்கட டேபிள்படி உங்களுக்கு வாறது செக்கண்ட் லோவர், கீழ்ப்பிரிவு."

அழகுமுத்து சிரித்தார். "மிஸ், அதுல என்னா எழுதியிருக்கு? வாசிங்க."

"பஸ்ட் கிளாஸ்."

"அப்புறம்?"

"அது உங்கட கொலேஜ் சொல்றது. இவங்க கிளாஸைப் பாக்கிறதில்ல, புள்ளியைத்தான் பாக்கிறது."

"சரி, அந்த நாட்டுல பஸ்ட் கிளாஸுக்கு எவ்வளவு வேணும்?"

"எழுபது."

"எழுபதுதானா! எங்க காலேஜ்ல டிஸ்டிங்ஷனே எழுபத்தஞ்சு."

"அங்க எழுபது எடுக்கிறது சரியான கஷ்டம். அறுபத்தொண்டு எடுத்தாலே அங்க செக்கண்ட் அப்பர், நல்ல பெறுபேறு."

அழகுமுத்து கதிரையில் நிமிர்ந்தார். "நானும் அறுபத்தொண்ணுதானே மிஸ்!"

"ஓம்," என்றாள் ரொஷேல், மிகுந்த அனுதாபத்துடன். "ஆனா உங்கட அறுபத்தொண்டு இந்தியாவில எடுத்தது."

இதற்கு என்ன பதில் சொல்வதென்று பி.கொம். பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. செக்கண்ட் லோவரை ஏற்றுக்கொள்கிற பல்கலைக்கழகம் ஒன்றும் உண்டு, ரதி இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் போகலாம் என்று ரொஷேல் சொன்னது அவர் காதில் விழவில்லை. படி இறங்கியவர் நேரே பஸ் பிடித்துப் புதுக்கடைக்குப் போனார். நீதிமன்றங்களுக்குப் பின்னால் தட்டச்சும் போட்டோகொப்பியும் செய்கிற கூட்டாளி மக்கீனிடம்.

மக்கீன் கதையைக் கேட்டுக்கொண்டே புள்ளிப் பட்டியலைப் பிரதி எடுத்தான். "மச்சான், இங்க பஸ்ட், இந்தியால பஸ்ட், அங்க போனா செக்கண்ட். பிளேன்ல ஏறக்குள்ள சுருங்குதா?"

"விளையாடாத மக்கீன். நியாயத்தை எடுத்துச் சொல்லி அந்த யூனிவர்சிட்டிக்கு ஒரு கடிதம் போடணும்."

"போடலாம், போடலாம்." மக்கீன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இந்தா, புள்ளிவிவரவியல் எண்டு மூணு தரம் ஈக்குது. மெசின் கோளாறா?"

அழகுமுத்து தாளைப் பிடுங்கிக்கொண்டார். மெசினில் கோளாறு இல்லை. அந்தப் பாடம் மூன்றாம் தரம்தான் அவருக்கு வசப்பட்டிருந்தது.

கடிதம் மூன்று பக்கத்தில் தயாரானது. எண்கள் எல்லா நாட்டுக்கும் பொதுவானவை, அறுபத்தொன்று அறுபத்தொன்றுக்குச் சமம் என்று கணக்கியல் அடிப்படையில் நிறுவி, கீழே 'முதலாம் வகுப்பு' என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். கடையில் இரும்பு நிறுக்கும் சத்தத்துக்கு நடுவே போனைப் பார்த்தார், சாப்பிடும்போது பார்த்தார், கோயிலில் தீபாராதனை காட்டும்போதும் பார்த்தார். கடைசியில் பதில் வந்தது. அவருடைய ஆர்வத்துக்கு நன்றி என்றும், தங்கள் மதிப்பீட்டில் மாற்றமில்லை என்றும், இதற்கிடையில் அந்தப் படிப்புக்கு இடங்கள் நிரம்பிவிட்டன என்றும் மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் ரதி அழைத்தாள். இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த குரல். இப்போதெல்லாம் 'எப்ப வர்றீங்க' என்று அவள் கேட்பதில்லை.

"என்னா சொன்னாங்க?"

"இல்லன்னுட்டாங்க. மேல எடத்துக்கு ஒண்ணு எழுதலாம்னு..."

"எழுதுங்க, எழுதுங்க. ராணிக்கே எழுதுங்க."

"ராணி செத்துட்டாங்க ரதி."

"அப்ப ராசாவுக்கு எழுதுங்க!" என்று கத்தினாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "என் ரூம்ல ரெண்டு கட்டில் கெடக்குங்க. ஒண்ணுல துணி மடிச்சு வச்சிருக்கேன். வீட்டுக்காரம்மா அந்தக் கட்டில எடுத்துக்கவான்னு ரெண்டாவது தடவையும் கேட்டுட்டா. என்னான்னு சொல்லட்டும்?"

"எடுக்க வேணாம்னு சொல்லு."

"எத்தன நாளைக்கு?"

உலகின் எந்த மூலையிலும் செல்லுபடியாகும் மனிதர் இரும்புக் குழாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டு வாயைத் திறந்தார். ரதி போனை வைத்துவிட்டாள்.

முதலாளியிடம் சொல்லிக்கொள்ளாமலே அவர் வெளியே வந்தார். வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் அன்று காலி நகருக்குப் போகும் வீதி முழுவதும் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அவரைக் கண்ட பிறகே எரிந்தது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். ரொஷேல் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், அன்னைக்குச் சொன்னீங்களே, அந்த இன்னொரு எடம்..."

"கடவுளே, அது இண்டைக்குத்தான் கடைசி நாள்! எங்க போயிருந்தீங்க இவ்வளவு நாளும்?"

"நியாயம் கேட்டுக்கிட்டு இருந்தேன் மிஸ்."

அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பெயர், பிறந்த திகதி, படித்த கல்லூரி. பிறகு பட்டத்தின் வகுப்பு. ஒரு சொடுக்கில் பட்டியல் விரிந்தது. முதல் வரியில் முதலாம் வகுப்பு, பளிச்சென்று.

"நான் போடவா, நீங்க போடுறீங்களா?" என்று கேட்டாள் ரொஷேல். "அவங்கட டேபிள்படிதான் போடவேணும். பிழையாப் போட்டா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க."

"நானே போடுறேன்."

மவுசைப் பிடித்தார். அம்பு முதல் வரியில் சற்று நேரம் நின்றது. இரண்டாவது வரிக்கு இறங்கியது. அங்கும் நின்றது. பிறகு மூன்றாவது வரிக்கு வந்து, செக்கண்ட் லோவரில் சத்தமில்லாமல் அமுக்கியது.

ரொஷேல் அடுத்த கட்டத்துக்குப் போனாள். "படிக்கிற காலத்தில யாரிண்ட ஆதரவில இருக்கப்போறீங்க?"

அழகுமுத்து ஏதோ சொன்னார்.

"கேக்கேல்ல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ."

"பொண்டாட்டி," என்றார் அழகுமுத்து. "ரதின்னு போட்டுக்கங்க மிஸ்."